இருநூற்றுப் பதினான்கு பிழைகளின் நாயகன்

மேடையில் வீற்றிருக்கும் பிளேக்ஸ்டன் ஸ்டூடியோவின் தலைவர் திரு. ட்ரெவர் காஸ்டன் அவர்களே! பழைய படங்களைப் புதுப்பிக்கும் பிரிவின் பொறுப்பாளர் திரு. நூனன் அவர்களே! முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஒன்றை எழுதி, இந்த வாரம் நேர்மாறாக எழுதியிருக்கும் விமர்சகப் பெருந்தகை திரு. சைலஸ் வேன் அவர்களே! மேடையில் இடம் கிடைக்காமல் கீழே உட்கார்ந்திருக்கும் என் பழைய தோழர்களே! வெளியே ஐஸ்மேல் இறால் அடுக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருக்கும் மற்ற பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் லூயெல்லா ஃப்ரே. அழைப்பிதழில் தேடாதீர்கள், அதில் இல்லை. மறைந்த இயக்குநர் ஹோமர் பிட்கின் அவர்களின் தங்கை மகள் பிடிவாதம் பிடித்ததால் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் ஐந்து நிமிடத்தில் முடிக்கப் போவதில்லை. அதை இப்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

எனக்கு முன் பேசிய திரு. காஸ்டன் அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். 'சூரியனை இறக்கு' என்ற படத்தைச் சிறு வயதில் தியேட்டரில் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்து, அதனால்தான் சினிமாவுக்கே வந்தார்களாம். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். ஐயா, நீங்கள் பிறந்து வளர்ந்தது ஒஹையோவில். அந்தப் படம் ஓடியது கலிஃபோர்னியாவில் ஆறே ஆறு தியேட்டர்களில், பதினொரு நாட்கள் மட்டும். ஒஹையோவின் எல்லையை அது தொடவேயில்லை. எந்தத் திரையில் பார்த்தீர்கள்? கனவிலா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இன்று இந்த மேடையில் ஓநாய்க்கு மாலை வேறு போட்டிருக்கிறார்கள்!

சபையோரே! ஹோமர் பிட்கின் உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. மூன்று மனைவிகளும் அவரை விட்டுப் போனார்கள். மூன்று பேர் மீதும் குற்றமில்லை. பிறந்தநாள் ஒன்றையும் அவர் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. டூனா சாண்ட்விச்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வருவார். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவர் மகா யோக்கியர். சிரிப்பு விஷயத்தில் அவர் யாரையும் ஏமாற்றியதில்லை.

அது என்ன படம்? பார்க்காமலே புகழ்கிறவர்கள் நிறைந்த சபையில் அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் சினிமா ஊர் தன் இளமைக்காலத்தில் அள்ளி அள்ளித் தயாரித்த படங்களையெல்லாம் கேலி செய்யும் படம். குதிரைவீரன் படம், கொள்ளைக்கூட்டப் படம், ஆட்டம்பாட்டப் படம், எகிப்தியப் பிணம் எழுந்து நடக்கும் படம், எல்லாம் ஒரே கதையில். கதாநாயகன் குதிரையில் ஏறிப் பிணத்தைத் துரத்திக்கொண்டு நடன அரங்குக்குள் நுழைவான். கருப்பு வெள்ளை. எண்பத்து நான்கு நிமிடம்.

அந்தப் படத்தில் வசனத்தில் சிரிப்பு இல்லை. நடிகர்கள் ஒருவரும் பல்லைக் காட்டுவதில்லை. பிறகு சிரிப்பு எங்கே இருந்தது? பிழைகளில் இருந்தது! அந்தக் காலத்து அவசரப் படங்களில் தெரியாமல் வந்துவிடும் பிழைகளை ஹோமர் தெரிந்தே வைத்தார். குதிரைவீரன் கையில் கைக்கடிகாரம். ஒரே கள்ளிச்செடி ஆறு முறை பின்னால் ஓடும். நடன அரங்கில் இருபத்து நான்கு பெண்கள் ஆடத் தொடங்குவார்கள். ஒவ்வொரு முறை காமிரா திரும்பும்போதும் ஒருத்தி குறைவாள். கடைசியில் ஒற்றைப் பெண் இருபத்து நான்கு பேருக்கான ஆட்டத்தைத் தனியாக ஆடி முடித்து மூச்சு வாங்குவாள். சுவரில் மைக்கின் நிழல் விழும். கதாநாயகன் அதற்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு நடப்பான்.

நான் அந்தப் படத்தில் கன்டினியூட்டி பார்த்தவள். முந்தைய ஷாட்டில் சிகரெட் பாதியாக இருந்தால் அடுத்த ஷாட்டிலும் பாதியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழில். பிழையைப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். முதல் நாள் காலை. குதிரைவீரனாக நடித்தவன் நல்ல பிள்ளை. மணிக்கட்டில் கடிகாரம் இருப்பதைப் பார்த்துத் தானே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஷாட் முடிந்தது. ஹோமர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கட்! நாசமாப் போச்சு! எல்லாம் சரியா இருக்கு!"

"சரியா இருந்தா நல்லதுதான சார்?" என்றேன் நான்.

"யாரும்மா நீ? சரியா எடுக்கிறதுக்கா உன்னக் கூட்டிட்டு வந்தேன்? கடிகாரம் எங்க? கேட்டியா அவன? தப்பு தப்பாவே வரணும். ஒரு தப்பு தப்பிச்சுப் போச்சுன்னா உன்ன வீட்டுக்கு அனுப்பிருவேன்!"

அன்று மதியம் நான் ஒப்பனை அறையில் உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டு ஆண்டு கற்ற தொழிலை ஒரே காலையில் தலைகீழாகக் கவிழ்த்த மனிதர் அவர்! அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அட்டையில் 'பிழைகள்' என்று எழுதினேன். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண், எந்த ரீல், எத்தனையாவது அடி, என்ன கோளாறு. படம் முடிந்தபோது இருநூற்றுப் பதினான்கு. ஒன்றுகூடத் தற்செயல் இல்லை. பாலம் கட்டுகிறவன் ஆணியை எண்ணுவது போல எண்ணி எண்ணி அடித்தவை அவை.

இருநூற்றுப் பதினான்காவது பிழைதான் மகுடம். படத்தின் கடைசிக் காட்சி. காதலனும் காதலியும் முத்தமிட, மலைக்குப் பின்னால் சூரியன் மறைய வேண்டும். பலகையில் வரைந்த சூரியன், கயிற்றில் தொங்குகிறது. பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல், "சூரியனை இறக்கு!" என்று கத்தும். முத்தத்தை விட முடியாமல் காதலன் ஒற்றைக் கண்ணைத் திறந்து சூரியனைப் பார்ப்பான். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வரும். சூரியனைப் பிடித்து இழுக்கும். முடியாது. களைத்துப் போய் மலை உச்சியில் சாய்ந்து இளைப்பாறும். மறுபடி இழுக்கும். நாற்பது நொடி. அதற்குள் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையும் இருந்தது, சபையோரே!

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இங்கே இரண்டாவது வரிசையில் இருக்கிறார். செட் வேலை பார்த்த ஓட்டிஸ் பெல். என்ன ஓட்டிஸ்? இடது கையா? சரி, இடது கை. பத்தொன்பது முறை எடுத்தார் ஹோமர்.

"கை சிரிக்கல ஓட்டிஸ். கை சிரிக்கணும்."

"கைக்கு வாய் எங்க சார் இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? கை உன்னோடது. தேடிப் பாரு!"

இருபதாவது முறை அந்தக் கை சிரித்தது. காமிரா பிடித்தவர் சிரிப்பை அடக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் நான் இன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

பொமோனாவில் வெள்ளோட்டம் வைத்தார்கள். கார்டு கொடுத்துக் கருத்து எழுதச் சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாதாரண ஜனங்கள் சிரித்தார்கள். என் காதால் கேட்டேன். ஆனால் ஸ்டூடியோ தன் சொந்த ஆட்களையும் கார்டு கொடுத்து உட்கார வைத்திருந்தது. 'குதிரைவீரன் கையில் கடிகாரம் தெரிகிறது, கவனிக்க ஆளில்லையா?' என்று ஒரு அறிவாளி எழுதினார். 'படம் எடுக்கத் தெரியாதவர் எடுத்த படம்' என்று இன்னொருவர். ஃப்ரெஸ்னோ தியேட்டர்காரர் ரீலைத் திருப்பி அனுப்பினார். கலர் வராத பழுதுபட்ட பிரதி வந்துவிட்டதாம், நல்லதை அனுப்ப வேண்டுமாம்!

திரு. வேன் அவர்களே, நீங்கள் எழுதியதை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. 'கவனக்குறைவின் உச்சம்.' அதுதான் உங்கள் தலைப்பு. இந்த வாரம் எழுதியிருக்கிறீர்கள், 'காலத்தை வென்ற முன்னோடி' என்று. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தீர்களா? தலையை ஆட்டாதீர்கள் ஐயா, வாயால் சொல்லுங்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கழுதையைக் குறை சொல்ல மாட்டேன்; அது கற்பூரத்தைப் பற்றி இரண்டு முறை கட்டுரை எழுதியதில்லை!

அதன் பிறகு ஹோமர் என்ன செய்தார்? நாய்த் தீனி விளம்பரம் எடுத்தார். இந்த ஸ்டூடியோ வாசலில் பட்டியலில் பெயர் இல்லை என்று காவலாளி அவரைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். ஒரு நாள் அல்ல, பல நாள். இன்று அதே வாசலில் அவர் படம் பத்தடி உயரத்தில் நிற்கிறது, பூ வளையத்தோடு. உயிரோடு இருந்தபோது நுழைய இடம் தராதவர்கள் செத்தவுடன் வாசலையே தூக்கிக் கொடுக்கிறார்கள். ஏன்? பழைய படங்களுக்கு இப்போது சந்தை இருக்கிறதாம். இரங்கலின் விலாசம் அதுதான்.

இனி வருவதைச் சொல்லத்தான் நான் இந்த மேடை ஏறினேன். இதில் என் பங்கும் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் திரு. நூனன் எலுமிச்சை கேக்கோடு என் வீட்டுக்கு வந்தார். இனிமையாகப் பேசினார்.

"மேடம், படத்துக்கு மறுவாழ்வு குடுக்கப் போறோம். அந்தக் காலத்து குறிப்பு ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா?"

முப்பத்தாறு ஆண்டில் முதன்முதலாக ஒருவர் என் வேலையைப் பற்றிக் கேட்டார். பூரித்துப் போனேன்! அலமாரியைத் திறந்து, அந்த நோட்டுப் புத்தகத்தை, என் கையால், எடுத்துக் கொடுத்தேன். இந்த ஏப்ரலில் அவரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. படிக்கிறேன், கேளுங்கள்: 'அன்றைய வசதிக் குறைவால் தங்களால் திருத்த முடியாமல் போன இருநூற்றுப் பதினான்கு பிழைகளையும், தங்கள் குறிப்பின் துணையோடு, எங்கள் குழு ஒன்றுவிடாமல் திருத்திவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

ஒன்றுவிடாமல்!

ஆமாம் தோழர்களே, சிரியுங்கள். நான் கூட முதலில் சிரித்தேன். கைக்கடிகாரத்தை அழித்துவிட்டார்கள். கள்ளிச்செடிகளை ஆறு வெவ்வேறு செடிகளாக வரைந்துவிட்டார்கள். இருபத்து நான்கு பெண்களும் கடைசிவரை பிழையில்லாமல் ஆடுகிறார்கள். மைக்கின் நிழல் இல்லை. கதாநாயகன் வெறும் சுவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுகிறான், பைத்தியக்காரன் மாதிரி. சூரியன் வெண்ணெயில் இறங்கும் கத்தி போல வழுக்கிக்கொண்டு மறைகிறது. குரல் இல்லை. கை இல்லை. முத்தமிடுகிறவன் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து எதையோ பார்க்கிறான். எதை என்று யாருக்குத் தெரியும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை உலகத்தில் ஆயிரம் உண்டு. ஹோமர் பாடுபட்டுக் குரங்கு பிடித்து வைத்தார். அதைப் பிள்ளையாராக்கி விளக்கேற்றிய புண்ணியவான்கள் நீங்கள்தான்!

நூனன் அவர்களே, நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, எனக்குத் தெரியும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் படத்தை ஒரு முறையாவது முழுதாகப் பார்த்திருப்பீர்கள். உங்கள் குழுவில் நாற்பது பேர், ஆறு மாதம். அந்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட அந்தக் கையைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லையா? சிரிப்பு வந்த பிறகும் அழித்தீர்களா? இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கடிதம் வந்த மூன்றாம் நாள் இதே அரங்கில் ஹோமருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அப்போது அவருக்குக் கண் போய்விட்டிருந்தது. வெளிச்சம் தெரியும், இருட்டுத் தெரியும், அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தது. பதினோராவது நொடியில் ஹோமர் சிரித்தார். முதல் பிழை வர வேண்டிய இடம் அது! படம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு பிழையின் இடத்திலும், நொடி தவறாமல், இல்லாத பிழையைப் பார்த்து அந்த எண்பத்தொன்பது வயது மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பில், கடைசியில் குரல் வராததுகூட அவர் காதுக்குத் தெரியவில்லை.

பின் வரிசையில் திரு. நூனன், திரு. காஸ்டனிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. "சார், மனுஷன் சிரிக்கிறாரு. பிடிச்சுப்போச்சு." விளக்கு எரிந்தவுடன் சம்மதக் காகிதத்தை நீட்டினீர்கள். விரலைப் பிடித்து இடம் காட்டிக் கையெழுத்து வாங்கினீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

காரில் திரும்பும்போது ஹோமர் கேட்டார்.

"லூயெல்லா, உள்ள எத்தன பேரு இருந்தாங்க?"

"நாப்பது அம்பது பேரு இருப்பாங்க."

"ஒருத்தன்கூட சிரிக்கலையே."

"ஆபீஸ்காரங்க ஹோமர். பக்கத்துல பெரிய அதிகாரி உக்காந்திருந்தா எவன் சிரிப்பான்?"

"கை வர்ற எடத்துலகூடவா?"

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப பொமோனாவுல எழுதிக் குடுத்தானுகளே, அதுதான் நெசம். படம் நல்லா இல்ல. நான்தான் இத்தன வருஷமா தெரியாம இருந்திருக்கேன்."

அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ச் சோபாவில் உட்கார வைத்தேன். 'ஹோமர், அவர்கள் உன் படத்தைக் கொன்றுவிட்டார்கள், நான்தான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன்' என்று சொல்ல எனக்கு அந்த மாலை முழுவதும் நேரம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று பயந்தேன். அவருக்காகப் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். எனக்காகத்தான் பயந்தேன். அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார், தன் படம் சிரிப்பு வராத படம் என்று நம்பிக்கொண்டே போய்விட்டார்.

ஆகவே மேடையில் உள்ள பெரியோர்களே, நான் உங்களைப் பார்த்துக் காறித் துப்பும்போது அதில் பாதி என்மேலும் விழுகிறது. விழட்டும்.

என்ன திரு. காஸ்டன்? மைக்கை அணைக்கச் சொல்லி யாருக்கோ சைகை காட்டுகிறீர்கள். தாராளமாக அணையுங்கள். காற்று மெஷின் ஓடும் படப்பிடிப்பில், குதிரைகளுக்கு நடுவே, மைக் இல்லாமல் கத்திய தொண்டை இது!

இந்தக் கூட்டம் முடிந்தவுடன் அஞ்சலியாக அதே திருத்திய படத்தைத் திரையிடப் போகிறார்கள். அசல் நெகட்டிவ் அழியவில்லை. கான்சாஸில், பழைய படச்சுருள்களைக் காக்கும் ஒரு உப்புச் சுரங்கத்தில், பெட்டிக்குள், இருநூற்றுப் பதினான்கு பிழைகளும் பத்திரமாக இருக்கின்றன. அதிலிருந்து ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள் என்று நான்கு கடிதம் எழுதினேன். 'பிழையுள்ள பிரதியை வெளியிடுவது ஸ்டூடியோவின் தரத்துக்கு ஒவ்வாது' என்று பதில் வந்தது. தரம்! இந்த ஊரில் அந்தச் சொல்லை முகம் சுளிக்காமல் சொல்லவும் ஆள் இருக்கிறது!

எனவே ஹோமர் பிட்கின் பெயரால், அவருடைய படக்குழுவில் எஞ்சியிருக்கும் பதினாறு பேர் சார்பில், இந்தச் சபையில் உறுதி கூறுகிறேன். சுரங்கத்திலிருந்து அந்தப் பெட்டி வெளியே வரும்வரை, நீங்கள் எங்கே இந்தப் படத்தைப் போட்டாலும், நாங்கள் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருவோம். அழித்த ஒவ்வொரு பிழையையும் அதனதன் நொடியில் உரக்கச் சொல்லுவோம். நோட்டுப் புத்தகம் உங்களிடம் இருக்கட்டும். எனக்கு அது தேவையில்லை, எல்லாம் தலைக்குள் இருக்கிறது. பதினாறு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டேன். கடைசிப் பிழை ஓட்டிஸின் பங்கு. ஒருவர் போனால் அவர் பங்கை அடுத்தவர் எடுத்துக்கொள்வார். இன்றே தொடங்குகிறோம். காவலாளியைக் கூப்பிட்டு எங்களைத் தூக்கிப் போடலாம். இரங்கல் கூட்டத்திலிருந்து பதினாறு கிழடுகளைத் தூக்கிப் போடும் காட்சியை நாளைக் காலைப் பத்திரிகையில் பார்க்க ஆசையிருந்தால், செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழவி புலம்பினாளே, இறந்தவர் பாவமாயிற்றே என்று இரக்கப்பட்டு யாரும் சிரிக்காதீர்கள். இரக்கச் சிரிப்பு அவருக்குப் பிடிக்காது. நாங்கள் சொல்லச் சொல்லக் கேளுங்கள், மனக்கண்ணில் பாருங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எண்பத்து நான்கு நிமிடத்தில் இந்த அரங்கில் ஒரு சிரிப்புக்கூட எழவில்லை என்றால், ஹோமர் காரில் சொன்னதுதான் சரி என்று இதே மேடையில் ஏறி நானும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் பிழை பதினோராவது நொடியில். விளக்கை அணையுங்கள்.